ஏப்ரல் கடைசில மெல்பேர்ன் போறம், இலை கலர் மாறுற பழைய ஊர்ப்பக்கம் காரில போக எந்த ரூட் நல்லம்?

வெள்ளவத்தைக்காரன்:

வணக்கம் எல்லாருக்கும். புது வருசம் முடிஞ்ச கையோட குடும்பமா மெல்பேர்ன் போறம், அக்கா அங்க க்ளென் வேவர்லி பக்கம் இருக்கிறா, விசா வந்திட்டுது, ரிக்கற்றும் போட்டாச்சு. நான், மனுசி, எட்டு வயசு மகள், அப்பா, அம்மா. அம்மாக்கு முழங்கால் வருத்தம், கன தூரம் நடக்க ஏலாது, படி எண்டால் இன்னும் கஷ்டம், அதோட அவ மரக்கறி மட்டும்தான்.

விசயம் என்னெண்டால் எனக்கு இந்த சிட்டி, ஷொப்பிங் மோல் எல்லாம் பெரிசா ஆர்வம் இல்ல, கொழும்பில இருந்து வெளிக்கிட்டு போய் இன்னொரு கொழும்பில நிக்கிறதோ எண்டு இருக்கு. ஏப்ரல் கடைசி அங்க இலையுதிர் காலம் எண்டு கேள்விப்பட்டதில இருந்து அதே யோசனைதான். ஒபிஸில ஒருத்தர் பிரைட் எண்டு ஒரு சின்ன ஊரின்ர போட்டோ காட்டினவர், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மஞ்சளும் சிவப்பும், யாரோ எடிட் பண்ணி விட்டிருக்கிறாங்கள் எண்டுதான் நான் நினைச்சன், இல்லையாம், அப்பிடியேதான் இருக்குமாம். அத்தானிட்ட கேட்டால் "உவ்வளவு தூரம் எதுக்கு, மவுண்ட் மசிடன் ஒரு மணித்தியாலம், காலமை போட்டு பின்னேரம் வரலாம்" எண்டுறார். அக்கா பல்லரட் போங்கோ எண்டுறா. ரெண்டு பேரும் இதுக்கே சண்டை.

எனக்கு இலையும் பாக்கோணும், பழைய ஊர்களும் பாக்கோணும், அப்பா ரிட்டையர்ட் ஹிஸ்ரி ரீச்சர், அவருக்கு நாலு பழைய கட்டடம் காட்டாட்டி ட்ரிப் முழுக்க முகத்தை தூக்கி வச்சுக்கொண்டு இருப்பார். கார் நான்தான் ஓடுவன். எங்க போறது, எப்ப போறது, ரெண்டு மூண்டு இரவு எங்கயாவது தங்கலாமோ, சாப்பாடு என்ன மாதிரி, இங்கத்தை லைசன்ஸ் செல்லுமோ? போய் வந்த ஆக்கள் சொல்லுங்கோ.


டண்டினோங் மாமா:

தம்பி, நான் இங்க வந்து கன காலம், மனுசியும் நானும் வருசா வருசம் இலை பாக்க வெளிக்கிடுறனாங்கள், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல ஒண்டு விளங்கிக்கொள்ளோணும். அவுஸ்திரேலியாவின்ர காடு இலையுதிர் காலத்தில கலர் மாறாது. இங்கத்தை மரம் யூக்கலிப்டஸ், அது வருசம் முழுக்க ஒரே சாம்பல் பச்சை. ஹியூம் ப்ரீவேயில ஏறி ரெண்டு மணித்தியாலம் ஓடினாலும் ஒரு சிவப்பு இலை கண்ணில படாது, கன பேர் பாதி வழியில "என்னடா இது, ஒண்டுமே இல்லையே" எண்டு கேக்கிறது இதாலதான். கலர் மாறுற மரம் எல்லாம் வெளியில இருந்து கொண்டந்து வச்சது, எல்ம், ஓக், பொப்ளார், மேப்பிள் எண்டு. யார் வச்சது? 1851 இல விக்ரோரியாவில, அதுதான் மெல்பேர்ன் இருக்கிற மாநிலம், தங்கம் எடுபட்டாப் பிறகு சனம் அள்ளுப்பட்டு வந்து ஊர் ஊரா குடியேறிச்சுதே, அந்த ஆக்களும் அவையின்ர பிள்ளையளும் தான். தங்கள் ஊர் ஞாபகத்துக்கு தெருவுக்கு ரெண்டு பக்கமும் நட்டு விட்டிச்சினம். அப்ப கலர் எங்க இருக்கும்? காட்டில இல்ல, பழைய தங்க ஊரில. நீங்கள் இலையையும் பழைய ஊரையும் ரெண்டு விசயமா கேக்கிறியள், இங்க அது ரெண்டும் ஒண்டுதான்.

அதால என்ர வோட் பிரைட், பீச்வேர்த் பக்கத்துக்கு. மெல்பேர்னில இருந்து பிரைட் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல, நிப்பாட்டி நிப்பாட்டி போனால் நாலு மணித்தியாலத்துக்கு கூடவே வையுங்கோ. ஹியூம்ல வங்கரட்டா வரைக்கும் போய் கிரேட் அல்பைன் ரோட்டில திரும்புறது. மேட்டில்போர்ட் தாண்டும்போது தகரக் கூரை போட்ட உயரமான பழைய கொட்டில்கள் அங்கயும் இங்கயும் நிக்கும், அது புகையிலை காயவச்சது. ஒரு காலத்தில அந்த பள்ளத்தாக்கு முழுக்க புகையிலை, 2006 இல தோட்டச் செய்கை நிண்டு போச்சு. எங்கட அப்பா யாழ்ப்பாணத்தில போயிலைத் தோட்டம் செய்தவர், முதல் தரம் அந்த கொட்டிலைக் கண்டோண்ண நான் காரை நிப்பாட்டிப் போட்டன்.

பிரைட்டில டிலேனி அவெனியூ எண்டு ஊருக்குள்ள போற ரோட்டுத்தான் உங்கட ஒபிஸ்காரர் காட்டின போட்டோவா இருக்கும். அம்மாக்கு நடை கஷ்டம் எண்டால் பயப்பிடாதேங்கோ, ஓவன்ஸ் ஆறு ஊருக்கு நடுவால போகுது, கரையில பார்க், மட்டமான நிலம், வாங்கில் இருக்கு, ஆறும் மரமும் பாத்துக்கொண்டு இருந்த இடத்தில இருக்கலாம். கன்யன் வோக் எண்டு ஒண்டு இருக்கு, அதில படியும் மேடு பள்ளமும் இருக்கும், அதுக்கு நீங்களும் மகளும் மட்டும் போட்டு வாங்கோ. பிறகு பக்கத்தில ஆறு கிலோமீட்டரில வண்டிலிகொங் எண்டு ஒரு ஊர். பேரைப் பாத்து சிரிக்காதேங்கோ, பள்ளத்தாக்கு முழுசையும் நெஷனல் ட்ரஸ்ட், பழமையான இடங்களைப் பாக்கிற அமைப்பு, பாதுகாக்க வேண்டிய இடம் எண்டு வகைப்படுத்தி வச்சிருக்கு. பழைய சேர்ச், பொப்ளார் மரம், தங்கம் அரிச்ச ஓடை, கடை கண்ணி பெரிசா இல்ல. பிரைட்டை விட எனக்கு அங்கதான் பிடிக்கும், சத்தமே இல்ல.

எப்ப எண்டால் ஏப்ரல் 25 அன்சாக் டேயை, போரில செத்த படையினரை நினைக்கிற நாள், நடுவில வச்சு முன்ன பின்ன ஒரு கிழமை. மேப்பிள் முந்திச் சிவக்கும், பொப்ளாரும் எல்மும் பிந்தி மஞ்சளாகும், எல்லாம் சந்திக்கிறது அந்த நேரம். பிரைட்டில இலையுதிர் கால பெஸ்ரிவலும் அப்பதான் நடக்கிறது. அதுதான் கரைச்சலும், ரூம் எல்லாம் மாதக்கணக்கா முதலே முடிஞ்சிடும். இண்டைக்கே தேடுங்கோ. இல்லாட்டி மேட்டில்போர்ட்டில எடுங்கோ, பிரைட்டுக்கு முப்பது கிலோமீட்டர், பீச்வேர்த்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், நடுவில இருந்துகொண்டு ரெண்டு பக்கமும் போகலாம், விலையும் குறைவு.


ஹட்டன்_டு_கொழும்பு:

மாமா சொல்றது எல்லாம் சரிங்க, ஆனா முழங்கால் வலி இருக்க அம்மாவையும் வயசான அப்பாவையும் நாலு அஞ்சு மணி நேரம் கார்ல உக்கார வச்சு கூட்டிட்டு போகணுமான்னு யோசிங்க. நாங்க போனப்போ மாமியார் கூட இருந்தாங்க, அதனால மேற்கு பக்கம் தான் போனோம், ஒரு குறையும் இல்ல. உங்க அக்கா சொன்ன பல்லரட் இந்த பக்கம் தான்.

டெய்ல்ஸ்போர்ட், காசில்மெயின், மோல்டன், எல்லாமே பழைய தங்க ஊர், ஒண்ணுக்கு ஒண்ணு பக்கம். மோல்டன் ஒரே தெரு மாதிரி தான், கடைக்கு முன்னால வராந்தா போட்ட பழைய கட்டடம் வரிசையா இருக்கும், நம்ம ஹட்டன் பழைய டவுன் கடை வீதி மாதிரி ஆனா சனமே இல்லாம. நெஷனல் ட்ரஸ்ட் 1966ல நாட்டிலயே முதல் நோட்டபிள் டவுன், அதாவது குறிப்பிடத்தக்க ஊர்னு அறிவிச்சது அந்த ஊரை தான். காசில்மெயின்ல பொட்டானிக் கார்டன்ல ஒரு ஓக் மரம் இருக்கு, 1863ல வேல்ஸ் இளவரசர் கல்யாணத்துக்காக நட்டது, இன்னும் நிக்குது. கார்டன் மட்டமா தான் இருக்கும், அம்மா நடக்கலாம். டெய்ல்ஸ்போர்ட்ல வொம்பட் ஹில்னு அணைஞ்சு போன எரிமலை மேல ஒரு தோட்டம், பெரிய பெரிய மரம், போய் பாருங்க.

பல்லரட்ல எல்லாரும் சொவெரின் ஹில்னு தங்கக் காலத்து ஊர் மாதிரி கட்டின மியூசியம் மட்டும் பாத்துட்டு வந்துடுவாங்க, அது பிள்ளைக்கு நல்லா இருக்கும் தான், ஆனா இலை பாக்கணும்னா அவெனியூ ஒப் ஹொனர்ல ஓட்டுங்க. இருபத்திரெண்டு கிலோமீட்டர், கிட்டத்தட்ட 3,800 மரம். முதலாம் உலகப் போருக்கு அந்த ஊர்ல இருந்து போனவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு மரம், 1917ல இருந்து 1919 வரைக்கும் நட்டது, நட்டதுல முன்னுக்கு நின்னது லூகாஸ் துணி பெக்டரி பொம்பளைங்க. மரத்துக்கு கீழ பேர் போட்ட தகடு இருக்கும். ஹிஸ்ரி ரீச்சர் அப்பாவுக்கு இத விட என்ன வேணும். எங்க அம்மம்மா தேயிலை கொழுந்து எடுத்தவங்க, அவங்க பேருக்கு எங்க ஒரு மரம் இருக்குன்னு எனக்கு அங்க நின்னப்போ தோணுச்சு, அது வேற கதை விடுங்க.

மவுண்ட் மசிடன் பத்தி, அத்தான் சொன்ன மாதிரி பக்கம் தான், அழகு தான், ஆனா ஏப்ரல் கடைசி ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதீங்க. ஹொனர் அவெனியூல காரும் ஆளும் புறக்கோட்டை பண்டிகை கால நெரிசல் தோத்துப்போகும். போறதுன்னா வீக் டேல, காலைல.


கல்கிசை_காத்து:

இலை பாக்க இவ்வளவு செலவா? இங்க மழை பெய்ஞ்சா எங்கட வீட்டு வாசல்லயும் ஒரு லொறி இலை விழுகுது, வந்து கூட்டித் தாங்கோ, பார்க்கிங்கும் ப்ரீ.


ஹட்டன்_டு_கொழும்பு:

கல்கிசை அண்ணே, உங்க வாசல் ஓவர் புக்ட்னு கேள்விப்பட்டேன்.


கேகாலை_ரப்பர்:

கல்கிசை பகிடிக்கு சொன்னாலும் அதில விசயம் இருக்கு. நான் தோட்டத் துறையில வேலை செய்றவன், எங்கட பக்கம் சனவரி பெப்ரவரியில வந்து பாருங்க, ரப்பர் மரம் இலை உதிர்க்கும், உதிர்க்க முந்தி மஞ்சள், செம்மஞ்சள், செப்புக் கலர் எண்டு மலை முழுக்க மாறும். கொழும்பு கண்டி ரோட்டில போறவை போனைப் பாத்துக்கொண்டு போறதால ஒருத்தருக்கும் தெரியிறதில்ல. அதுவும் வந்த மரம்தான், பிரேசில் மரம், 1876 இல கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்தது. மாமா சொன்ன மாதிரி இங்கயும் கலர் காட்டுறது வெளிநாட்டு மரம். ஆனா கோல்பேஸ் பக்கம் கொட்டம்பா மரத்தைப் பாருங்க, கடற்கரையில நிக்கிற மரம், விழ முந்தி இலை நல்ல சிவப்பாகும். நாக மரம் நேர் எதிர், அதில புது இலைதான் சிவப்பு.

எதால இப்பிடி ஆகுது எண்டு மகள் கட்டாயம் கேப்பா, அதால சொல்லுறன். பகல் குறைஞ்சு ராக்குளிர் கூடினோண்ண மரம் இலையில பச்சையம் செய்றத நிப்பாட்டிப் போடும், உள்ளதும் உடைஞ்சு போகும். மஞ்சள் நிறம் முதலே இலைக்குள்ள இருக்கிறது, பச்சை போனதும் தெரியவரும், அவ்வளவுதான். சிவப்பு அப்பிடி இல்ல, அது சில மரம் அந்த நேரத்தில புதுசா செய்றது, இலைக்குள்ள மிஞ்சின சீனியில இருந்து. பகல் நல்ல வெயிலும் ராவில குளிரும் இருந்தால்தான் சிவப்பு வடிவா பிடிக்கும், உறைபனி கொட்டினாலோ காத்து மழை அடிச்சாலோ முடிஞ்சுது. அதால எல்மையும் பொப்ளாரையும் நம்பலாம், மஞ்சள் எப்பிடியும் வரும், மேப்பிளும் ஸ்கார்லெட் ஓக்கும் அந்த வருசத்து காலநிலையைப் பொறுத்தது. பிரைட் மாதிரி மலை அடிவாரத்தில பகல் வெயிலும் ராக்குளிரும் சேர்ந்து கிடைக்கிறதுதான் அந்த ஊரின்ர அதிர்ஷ்டம்.

சொந்த மண்ணு மரம் கலர் மாறி இலை உதிர்க்கிறத பாக்கோணும் எண்டால் தஸ்மேனியாவுக்கு போகோணும், பேகஸ் எண்டு சொல்லுவினம், குளிருக்கு இலை உதிர்க்கிற அவுஸ்திரேலிய மரம் அது ஒண்டுதான், அதுவும் அன்சாக் டே சுத்தித்தான் பொன்னிறமாகும். ஆனா அது மலையில ஏறிப் பாக்கிறது, அம்மாக்கு சரிவராது.


தெமட்டகொட_உம்மா:

ஸலாம், வணக்கம். நாங்க போன வருசம் மாப்பிள்ளைட சொந்தக்காரர் வீட்டுக்கு போன நேரம் பீச்வேர்த் பக்கம் போய் வந்த. ஆம்பிளைகள் ரூட்டும் ஹிஸ்ட்ரியும் சொல்லி முடிச்சிட்டாங்க, நான் சாப்பாட்டையும் குளிரையும் சொல்றன்.

சின்ன ஊருகள்ல கிச்சன் நேரத்தோட மூடிருவாங்க. எட்டு மணிக்கு போய் நின்டா ஒன்டும் இல்ல. வெள்ளவத்தையில பத்து மணிக்கு கொத்து வாங்குற பழக்கத்த வச்சிக்கொண்டு அங்க போகப்படாது. பகல் சாப்பாடு பேக்கரிகள்ல எடுக்கலாம், பீச்வேர்த் பேக்கரி பேர் போனது, ஆனா பை (pie) என்டு விக்கிறதுக்கு உள்ள என்ன என்டு கேட்டு வாங்குங்க, பேக்கன் கலந்தது கனக்க இருக்கு, எங்களுக்கும் சரிவராது, உங்கட அம்மாவுக்கும் சரிவராது. ஸ்பினச், கீரை போட்டது கிடைக்கும். எங்களுக்கு ஹலால் தேடி அலையிறது பெரிய வேலை, அதால கிச்சன் உள்ள கெபின்தான் எடுத்த, கரவன் பார்க்னு சொல்ற இடங்கள்ல கிடைக்கும், குடும்பத்துக்கு நல்ல வசதி. டண்டினோங் கடைகள்ல அரிசி, பருப்பு, தேங்காப் பால் டின் எல்லாம் வாங்கிக்கொண்டு போய் அங்கயே ஆக்கின. குளிருக்குள்ள சுடச்சுட பருப்பும் சோறும், இலை எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

இங்க இருந்து சாப்பாட்டு சாமான் கொண்டு போறதா இருந்தா ஏர்போட் கார்ட்ல எல்லாத்தையும் எழுதுங்க. எழுதினா பாத்துட்டு விடுவாங்க இல்லாட்டி எடுத்து வீசுவாங்க, அவ்வளவுதான். எழுதாம பிடிபட்டா பைன். பச்சை கறிவேப்பிலை, பழம் கொண்டு போகவே வாணாம்.

குளிர் என்டா நுவரெலியா குளிர் மாதிரி என்டு நினைச்சி போனோம், ராவைக்கு அதவிட கூட. பகல்ல வெயிலுக்கு சுவெட்டர களட்டி கையில தூக்கிக்கொண்டு திரியோணும், அஞ்சரைக்கு இருட்டினதும் மூக்கு விறைக்கும். அங்க ஏப்ரல் முதல் ஞாயிறோட நேரம் மாத்துறாங்க, அதால சுருக்கா இருட்டிரும், கொழும்பு மாதிரி ஆறு தாண்டியும் வெளிச்சம் இருக்கும்னு பிளான் போடாதீங்க. அம்மாவுக்கு உள்ளுக்கு போடுற தேர்மல் ஒன்டு கட்டாயம், காலுக்கு உல் சொக்ஸ். முழங்கால் வருத்தம் குளிருக்கு கூடும், ஹீட்டர் நல்லா வேலை செய்யுதா என்டு ரூம் புக் பண்ண முந்தி கேளுங்க.

பிள்ளைகளுக்கு ஒன்டும் தேவல்ல, இலைக் குவியல் ஒன்ட காட்டினா போதும். எங்கட ரெண்டும் அதுக்குள்ள விழுந்து பிரண்டு வெளிய வர மாட்டன் என்டு ஒரே அழுகை.


வெள்ளவத்தைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வாசிச்சுக் காட்டினன், அப்பாவும் அம்மாவும் இப்ப ரெண்டு கட்சி. அப்பாக்கு அவெனியூ ஒப் ஹொனர் பிடிச்சுப் போச்சு, அம்மா வண்டிலிகொங் எண்ட பேரைக் கேட்டு சிரிச்சுக்கொண்டு "அங்க போவம்" எண்டுறா. மாமா, பீச்வேர்த்தைப் பற்றி நீங்கள் பெரிசா சொல்லேல்லையே? அப்பாவை அந்தப் பக்கம் இழுக்க ஏதாவது இருந்தால் சொல்லுங்கோ. அதோட லைசன்ஸ் விசயம் ஒருத்தரும் சொல்லேல்ல.


டண்டினோங் மாமா:

அப்பாவுக்கு பீச்வேர்த் எண்டால் ஒரு நாள் காணாது தம்பி. 1852 இல தங்கம் எடுபட்ட ஊர். அரசாங்கக் கட்டடம் எல்லாம் அந்த இடத்து கருங்கல்லில கட்டினது, ஆனா கறுப்பு இல்ல, தேன் கலர், பின்னேர வெயில் படேக்க பக்கத்தில நிக்கிற மரமும் கட்டடமும் ஒரே நிறமா இருக்கும். போர்ட் தெருவில கோட்ஸ் இருக்கு, நெட் கெலி எண்ட கொள்ளைக்காரனை 1880 ஓகஸ்டில முதல் விசாரணைக்கு நிறுத்தினது அந்தக் கோட்ஸில. பிறகு வழக்கை மெல்பேர்னுக்கு மாத்தி நவம்பர் 11 தூக்கில போட்டது. உள்ளுக்கு போய் கூண்டைப் பாக்கலாம். போற வழியில ஹியூம்ல கிளென்ரோவன் வரும், அவன் இரும்புக் கவசத்தோட கடைசிச் சண்டை பிடிச்ச ஊர், ஆறு மீற்றர் சிலை ஒண்டு நிக்குது, மகளுக்கு போட்டோ எடுக்க நல்லம். அவனை வீரன் எண்டுறவையும் இருக்கினம், பொலிஸ்காரரைக் கொலை செய்தவன் எண்டுறவையும் இருக்கினம், இங்க இண்டைக்கும் அது முடியாத கதை.

அப்பா ரீச்சர் எண்டபடியால் இன்னொண்டும் சொல்லுறன், போஸ்டர்களில இது முன்னுக்கு வராது. இந்த தங்க ஊர்களில சீனர் ஆயிரக்கணக்கில இருந்தவை. பிரைட்டுக்கு கொஞ்சம் முதல் போரபங்கா எண்ட இடத்தில பக்லண்ட் பள்ளத்தாக்கு பிரியுது, 1857 யூலை 4 அங்க வெள்ளைக்காரர் கும்பலா சேர்ந்து சீனர் எல்லாரையும் அடிச்சுத் துரத்தி கொட்டில்களை எரிச்சவை. குளிர் காலம் வேற. யூலைக் கலவரம் எண்டு வாசிச்சோண்ண எனக்கு மேற்கொண்டு வாசிக்க ஏலாமல் போச்சு, 83 இல நாங்கள் இருந்ததும் வெள்ளவத்தையில தான். பீச்வேர்த் மயானத்தில சீனருக்கு தனிப் பகுதி இருக்கு, செத்தவைக்காக காகிதக் காசு எரிக்கிற ரெண்டு கோபுரம் நிக்குது, அதுவும் 1857 இல கட்டினது. சுத்திவர மரம். நான் போற நேரமெல்லாம் அங்க கொஞ்ச நேரம் நிண்டிட்டுத்தான் வாறனான்.

பீச்வேர்த்தில இலைக்கு எண்டால் பழைய மனநோய் ஆஸ்பத்திரி மேடே ஹில்ஸ், 1867 இல திறந்து 1995 இல மூடினது, இப்ப அதின்ர தோட்டம்தான் அந்த ஊரில வடிவான இடம். லேக் சம்பெல் கரை மட்டமான பாதை, அம்மாவை அங்க விடுங்கோ. நேரம் இருந்தால் யாக்கண்டாண்டா, பீச்வேர்த்தில இருந்து அரை மணித்தியாலம் கூட இல்ல, ஒரு தெரு, ரெண்டு பக்கமும் மரம், ஒரு கோப்பி குடிச்சிட்டு வரலாம்.

ஹட்டன் தங்கச்சி சொன்ன கார்ப் பயணக் கஷ்டம் நியாயமான கதை. அதுக்குத்தான் சொல்லுறன், ஒரே இடத்தில மூண்டு இரவு இருங்கோ, ஒவ்வொரு நாளும் சூட்கேஸ் கட்டாதேங்கோ. பல்லரட் அக்கா வீட்டில இருந்து ஒரு நாள்ப் பயணம், அத வேற நாளுக்கு விடுங்கோ, ரெண்டு கட்சிக்கும் சரி. அதோட டண்டினோங் மலை க்ளென் வேவர்லியில இருந்து பக்கம், ஷெர்புரூக்கில அல்பிரட் நிக்கலஸ் கார்டன்ஸ், டிக்கற் இல்ல, ஆனா சரிவு, அம்மா மேலயே இருக்கட்டும். கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போங்கோ, அங்க மதியச் சாப்பாடு மரக்கறிதான், அம்மா இலையை மறந்திடுவா.


பம்பலப்பிட்டி_ட்ரைவர்:

லைசன்ஸ் விசயம் நான் சொல்லுறன். எங்கட கார்ட்டில இங்கிலிஷில விபரம் இருக்கிறதால சின்ன விசிட்டுக்கு விக்ரோரியாவில அதை வச்சு ஓடலாம், ஆனா ஹயர் கார் எடுக்கிறதெண்டால் சில கொம்பனி இன்ரநெஷனல் பெர்மிற் கேக்கும். கொழும்பு மூண்டில ஒட்டோமொபைல் அசோசியேசனில எடுக்கலாம், லைசன்ஸும் போட்டோவும் கொண்டு போங்கோ, பெரிய வேலை இல்ல. அக்காட காரை ஓடுறதெண்டால் இன்சூரன்ஸில உங்கட பேரை சேக்கச் சொல்லுங்கோ, அது முக்கியம்.

இடப்பக்கம்தான் ஓடுறது, அதால பழக்கம் வரும். ஆனா கோர்ன் அடிக்காதேங்கோ, அங்க அது தூசணத்துக்கு சமன். ஹியூம்ல 110, அதுக்கு மேல ஒரு சொட்டும் போகாதேங்கோ, சில பகுதியில ரெண்டு கமராவுக்கு இடையில எடுத்த நேரத்தை வச்சு சராசரி வேகம் பாப்பாங்கள், கமராவைக் கண்டோண்ண பிரேக் பிடிக்கிற எங்கட வித்தை எடுபடாது. பின் சீட்டிலயும் பெல்ற் கட்டாயம், அப்பாட்ட முதலே சொல்லி வையுங்கோ. சிட்டியில சில ரோட் ரோல் ரோட், காசு வாங்க ஆளோ பூத்தோ இல்ல, நம்பர் பிளேற்றை போட்டோ எடுக்கிறது, ஹயர் கார் எண்டால் கொம்பனி பிறகு சேர்வீஸ் சார்ஜும் சேத்து அனுப்பும். ஹியூம்ல ரோல் இல்ல.

பின்னேரம் இருட்டுப் படேக்க ஊர்ப்பக்கம் ஓடாதேங்கோ. கங்காரு அந்த நேரம்தான் ரோட்டுக்கு வரும், லைட்டைக் கண்டால் நிண்டு பாக்கும், விலகாது. அநுராதபுரம் பக்கம் ராவில யானைக்குப் பயந்து ஓடுற ஆக்களுக்கு இது விளங்கும். பின்னேரம் அஞ்சு மணிக்கு ரூமுக்குள்ள நிண்டிட்டால் பிரச்சினை இல்ல.

ஓடவே விருப்பம் இல்லையெண்டால் சதர்ன் குறொஸ் ஸ்ரேசனில இருந்து வி லைன் ட்ரெயின் வங்கரட்டாவுக்கு இருக்கு, அங்கால பிரைட்டுக்கு கோச். 2023 மார்ச்சில இருந்து மாநிலம் முழுக்க எவ்வளவு தூரம் போனாலும் ஒரு நாளைக்கு மெல்பேர்ன் சிட்டிக்குள்ள எடுக்கிற உச்சக் கட்டணம்தான், நம்ப மாட்டியள். ஆனா போய் இறங்கினாப் பிறகு வண்டிலிகொங்குக்கு கார் இல்லாமல் கஷ்டம், அம்மாவோட எண்டால் கார்தான்.


வெள்ளவத்தைக்காரன்:

முடிவெடுத்தாச்சு. மேட்டில்போர்ட்டில கிச்சனோட கெபின் ஒண்டு கிடைச்சிட்டுது, பிரைட்டில தேடினன், பெஸ்ரிவல் நாள் எல்லாம் புல். அன்சாக் டேக்கு அடுத்த நாள் வெளிக்கிட்டு மூண்டு இரவு, வந்து ரெண்டு நாள் அம்மாவை ஆற விட்டிட்டு பல்லரட் ஒரு நாள். அத்தானுக்கு சொன்னன், "சரி சரி, நானும் வாறன், லீவு போடுறன்" எண்டுறார், மசிடன் கதையையே காணேல்ல. அப்ப கார் ரெண்டு வேணும்.

உம்மா, தேர்மல் இங்க கொழும்பில எங்க நல்லதா வாங்கலாம், இல்லாட்டி அங்க போய் வாங்கிறது மலிவோ?


தெமட்டகொட_உம்மா:

அங்கயே வாங்குங்க. இங்க பெட்டாவுல கிடைக்கிறது நுவரெலியாவுக்கு போதும், அதுக்கு மேல சரிவராது. அக்காகிட்ட அம்மாட சைஸ சொல்லி முதலே எடுத்து வைக்க சொல்லுங்க, ஏர்போட்டுக்கு கொண்டு வரட்டும், நீங்க இறங்குற விடியக்காலமையே தேவைப்படும்.